சாட்சிக்கு ஒரு சாயா

உயில் எழுத உட்காரும் மனிதனுக்குத் திடீரென்று ஒரு ராஜ கம்பீரம் வந்துவிடுகிறது. பங்கு வைப்பது தக்கலைப் பக்கம் ஒரு வீட்டையும் ஒரு கடையையும் கொஞ்சம் ரப்பர் மரம் நிற்கும் விளையையும்தான் என்றாலும், கை என்னவோ சாம்ராஜ்யத்தையே எழுதிக் கொடுப்பதுபோல் அசையும். என் கை அப்படித்தான் அசைந்தது.

கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். மகள் ஷீபா வக்கீல். அவளிடம் கேட்டிருக்கலாம். சொத்து வாங்கப்போகிறவளிடமே யோசனை கேட்பது முறையல்ல என்று (உள்ளபடி சொன்னால், என் தமிழைத் திருத்திவிடுவாள் என்ற பயம்) நானே எழுதினேன். விளை மகனுக்கு. வீடு மகளுக்கு. என் புத்தகங்களைக் கரையான் தின்னாமல் காக்க ஓர் அறக்கட்டளை, அதன் செலவுக்குக் கடை வாடகை. முற்றத்து அயனி மரத்தில் வௌவால் தின்றது போக மிஞ்சும் பழத்தில் அடுத்த வீட்டுக்காரருக்குப் பாதி.

இரண்டு சாட்சிகள் வேண்டும். பேசிக்கொண்டிருக்க வந்த பழைய சக ஆசிரியர் ஒருவர். இன்னொன்றுக்கு அடுக்களையிலிருந்து மனைவி புஷ்பத்தைக் கூப்பிட்டேன்.

"எங்க போடணும்?" என்றாள். விரல் வைத்துக் காட்டினேன்.

"வாசிக்க வேண்டாமா?"

"நீங்க எழுதினதுதானே. அடுப்புல பால் கெடக்கு."

எழுதியதை ஒளித்து வைக்கவாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு மகன் துபாயிலிருந்து வந்தபோது, சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் உட்காரவைத்து, வகுப்பெடுக்கும் குரலில் முழுவதையும் வாசித்தேன். பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

"அப்பா, அம்மைக்கு?" என்றாள் ஷீபா.

"அம்மைக்கு என்ன?"

"அம்மைக்க பேரே இல்லியே."

மகன் மின்விசிறியைப் பார்த்தான்.

"இருக்கு மக்கா" என்றாள் புஷ்பம், முறுக்குத் தட்டை எடுத்தபடி. "கடைசியில பாரு. ரெண்டாம் சாட்சி."

பிறகு என்னிடம் திரும்பினாள். "நீங்க போயிட்டா நான் எங்க கெடக்கணும்?"

"ஷீபா பாத்துக்கிடுவா."

"அப்பம் புஸ்தகத்தையும் அவளே பாக்கட்டுமே. அதுக்கு மட்டும் எதுக்குத் தனி ஏற்பாடு?"

வெறுப்பில் அவளை விட்டுவிடவில்லை. வீட்டை மகளுக்கு எழுதும்போது, கதவு ஜன்னலோடு புஷ்பமும் சேர்ந்து போவாள் என்று என் மனம் தானாகக் கணக்குப் போட்டிருக்கிறது. வௌவாலை நினைத்தவன் அவளை நினைக்கவில்லை. இதைவிடக் கௌரவமான விளக்கம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

அவசரமாகப் பேனாவைத் திறந்தேன், ஒரு வரி சேர்த்துவிடலாம் என்று. ஷீபா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, கிறிஸ்தவங்களுக்கு உள்ள சட்டத்துல, உயிலுக்கு சாட்சி போட்ட ஆளுக்கு அதே உயில்ல எழுதி வச்சா செல்லாது. புதுசா எழுதி வேற சாட்சி பிடியுங்க."

ஆக, நான் அவளை மறந்தது மட்டுமல்ல. நினைத்தாலும் கொடுக்க முடியாதபடி பூட்டும் போட்டிருந்தேன்.

புது உயிலில் வீடு புஷ்பத்துக்கு. அவள் காலத்துக்குப் பின் மகளுக்கு. சாட்சிக்கு அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிடப் போனேன். "அயனிப் பழம்" என்றாள் ஷீபா. திரும்பி வந்து வேறு ஆள் தேடினேன்.

அதோடு முடியவில்லை. முட்டத்துப் பக்கம் புஷ்பத்துக்கு அவள் அப்பா கொடுத்த தென்னந்தோப்பு இருக்கிறது. அடுத்த வாரம் அவளும் உயில் எழுதினாள். என்னைக் கூப்பிட்டாள், சாட்சிக் கையெழுத்துப் போட. அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்கு நன்றாகவே தெரியும்.

"எங்க போடணும்?" என்றேன். விரல் வைத்துக் காட்டினாள். வாசிக்காமல் போட்டேன்.

இன்றும் மகன் போனில் பேசினால் முதல் கேள்வி என்னைப் பற்றித்தான், "அம்மா, சாட்சிக்கு சாயா குடுத்தாச்சா?"

புஷ்பத்தின் பதிலும் மாறுவதில்லை. "அவருக்கு எழுதி வைக்கல்ல மக்கா. எடுத்து வச்சிருக்கேன்."