செவ்வாய் மண்டலத்து மச்சம்

செவ்வாய் மண்டலத்தில் தூக்கில் தொங்கியவன் நிரபராதி என்று பஞ்சநாதன் தீர்ப்புச் சொன்னபோது, அவர் மனைவி ஜெகதாம்பாள் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு வெடித்து முடியும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. பிறகு திறந்தாள். கடுகே தேவலை என்றாகிவிட்டது.

"அவன்தாங்க கொலைகாரன். நான்தான் ரெண்டு கண்ணால பார்த்தேனே."

"நான் மட்டும் என்ன, காதாலயா பார்த்தேன்?"

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. அரியலூர் சந்தைத் திடலில் புதிதாக ஒரு டூரிங் கொட்டகை வந்து இறங்கியிருந்தது. முதல் படமே 'செவ்வாயில் ஒரு சவம்'. படம் எடுத்தவரின் கையிருப்பு அந்தச் சவத்துக்குக் கோடித்துணி எடுக்கக்கூடப் போதவில்லை என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். ஆகாயக் கப்பல் என்று ஒன்று வந்தது. அது வெள்ளி வர்ணம் பூசிய நெற்குதிர். செவ்வாய்வாசிகள் தலையில் ஆளுக்கொரு தேக்சாப் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். செவ்வாய் மண்டலம் ஒரு கல்குவாரி. ராஜசபை நடக்கும்போது குறுக்கே ஒரு வெள்ளாடு வந்து, ராஜாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் போய்விட்டது. படத்தில் நன்றாக நடித்தது அந்த ஆடு ஒன்றுதான் என்று ஊரில் பேச்சு.

கதை இதுதான். ராஜாவின் விஞ்ஞானியை யாரோ மின்சாரக் கதிரால் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். சந்தேகம் இரட்டைப் பிள்ளைகளான இரண்டு இளவரசர்கள்மேல் விழுகிறது. இரட்டையர்களாக நடிக்க ஒரே ஆளுக்குத்தான் சம்பளம் கொடுத்திருந்தார்கள். அதனால் அண்ணனுக்கு வலது கன்னத்தில் ஒரு மச்சம், தம்பிக்கு இடது கன்னத்தில் ஒரு மச்சம். இல்லையென்றால் அந்த நடிகருக்கே தான் யார் என்று குழம்பிப்போயிருக்கும். கடைசியில் துப்பறிபவர் தேக்சாவைக் கழற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, 'வலது கன்னத்தில் மச்சமுள்ளவனே கொலைகாரன்' என்று கர்ஜிக்கிறார். உடனே ஒருவனைத் தூக்கில் போடுகிறார்கள். சுபம்.

பஞ்சநாதனுக்குச் சுபமாக இல்லை. தொங்கியவனின் மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. அவர் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பார்த்தார். ஆண்கள் பக்கம் முழுக்கப் பார்த்து, 'ஐயோ, மாத்திப் போட்டுட்டானே' என்று முனகியது.

பஞ்சநாதன் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. சாட்சியம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்தான் ஊருக்கே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். குற்றவாளி தப்பலாம், நிரபராதி தொங்கலாமா என்று இரண்டு நாளாகச் சோறு இறங்காமல், இறங்கியபோதெல்லாம் இரண்டு தடவை போட்டுக்கொண்டு புலம்பினார்.

ஆனால் படத்தில் விஞ்ஞானம் இருக்கிறது என்பதை அவர் மறுக்கவில்லை. செவ்வாயில் எல்லோரும் இடது கையால் சாப்பிடுகிறார்கள். அரண்மனை வாசலில் எழுதியிருப்பது ஒருவராலும் படிக்க முடியாத செவ்வாய் எழுத்து. திருச்சியில் படம் பார்த்தால் பின்மண்டைக்கு நேரே மெஷின் கடகடவென்று கத்தும். இந்தக் கொட்டகையில் மெஷின் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, அவ்வளவு நவீனம். இதையெல்லாம் வக்கீல் ஆபீசில் அவர் விளக்கியபோது கட்சிக்காரர்கள் தங்கள் வழக்கை மறந்துவிட்டுக் கேட்டார்கள்.

ஊரின் அபிப்பிராயம் அழகாக இரண்டாகப் பிளந்தது. காப்பிக் கிளப்பில் ஆண்கள், அந்தத் துப்பறிபவனை வேலையை விட்டு நீக்க வேண்டும் என்றார்கள். குளத்தங்கரையில் பெண்கள், அவன் மூளைக்குத் தங்கத்தில் காப்புப் போடலாம் என்றார்கள். பெண்களில் ஒருத்திகூட இடது கன்னம் என்று சொல்லவில்லை. ஆண்களில் ஒருவர்கூட வலது கன்னம் என்று சொல்லவில்லை. எத்தனை வீட்டில் குழம்பு தீய்ந்தது என்று அக்கினி பகவானுக்குத்தான் தெரியும்.

வழக்கை முடிக்க ஒரே வழி, இன்னொரு தடவை பார்த்துவிடுவது என்று பஞ்சநாதன் முடிவு செய்தார். பார்த்தார்கள். பெண்கள் பக்கத்துச் சீட்டு அரையணா கூடுதல் என்பதால் போகும்போதே அவருக்கு எரிச்சல். உள்ளே என்ன வெல்வெட்டு மெத்தையா போட்டிருக்கிறார்கள் என்று, பெண்கள் வாசலில் சீட்டுக் கிழிக்கும் காத்தாயியிடம் கேட்டார். இங்கேயும் மணல்தான் என்று அவள் சிரித்தாள். அவர் தம் வாசலுக்குப் போய்விட்டார்.

திரும்பி வரும் வழியிலேயே விசாரணை தொடங்கியது.

"இடது," என்றார் அவர்.

"வலது," என்றாள் அவள். "எங்க, உங்க இடது கன்னத்தத் தொடுங்க பாப்போம்."

தொட்டார். சரியாகத்தான் தொட்டார். அவளும் தன் வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். அதுவும் சரிதான். அத்தோடு விட்டிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். பஞ்சநாதன் விடவில்லை.

"மச்சத்தைப் பாருன்னா, நீ ராணியோட அட்டிகையைப் பார்த்துக்கிட்டு இருந்திருப்ப. பொம்பளைங்களுக்கு இடது ஏது, வலது ஏது?"

ஜெகதாம்பாள் மறுநாள் காலை இலை போட்டாள். இலையின் நடுவில் ஒரு குன்று உப்பு. ஓரத்தில், உப்பு வைக்கிற மூலையில், நாலு பருக்கை சோறு. தண்ணீர்ச் செம்பு அவருக்குப் பின்னால் இருந்தது.

"எனக்குத்தான் எது எந்தப் பக்கம்னு தெரியாதுங்களே," என்றாள். டிரங்குப் பெட்டி ஏற்கெனவே வாசலில் இருந்தது. "எங்க ஆத்தா வூட்டுக்குப் போறேன். தொங்குனவன் குத்தவாளின்னு எப்ப ஒத்துக்கத் தோணுதோ, அப்ப செட்டிகுளத்துக்கு வந்து கூட்டியாங்க."

அதன் பிறகு பஞ்சநாதன் சமைத்தார். அவர் வைத்த கஞ்சியை நாய் முகர்ந்துவிட்டு அவரை இரக்கத்தோடு பார்த்தது. அவர் சுட்ட தோசையைக் கல்லிலிருந்து எடுக்கக் கடப்பாரை கேட்டு அக்கம்பக்கத்தில் அலைந்தார். ரேஷன் அரிசி முக்கால்வாசி அடுப்புக்கே நைவேத்தியமாயிற்று. வேட்டி இடுப்பில் நிற்க மறுத்தது. படுக்கும்போது, 'கதவச் சாத்துனீங்களா' என்று கேட்க ஆளில்லாததால், கதவைச் சாத்தினோமா என்று பல தடவை எழுந்து பார்த்தார். போய், நீ சொன்னதுதான் சரி என்று சொல்லிவிடலாம்தான். நாக்கு அரியலூர் எல்லையைத் தாண்ட மறுத்தது.

வக்கீல்தான் யோசனை சொன்னார். புருஷன் பெண்டாட்டி சாட்சி செல்லாது, எந்தப் பக்கமும் சாயாத சாட்சி ஒன்று வேண்டும் என்றார். பஞ்சநாதனுக்கு உடனே மாமனார் வைரக்கண்ணு நினைவுக்கு வந்தார். நிலம், மாடு, முருகன் இந்த மூன்றைத் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பார்க்காத மனிதர். சினிமாவே பார்த்ததில்லை. பொய் சொல்லவும் சோம்பல்படுவார். தோதாக, கொட்டகையும் அரியலூரில் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு பெரம்பலூருக்குப் போயிருந்தது.

பெரம்பலூர் பஸ் கரியில் ஓடுகிற பஸ். பாதி தூரம் அது பஞ்சநாதனைச் சுமந்தது; பாதி தூரம் பஞ்சநாதன் அதைத் தள்ளினார். செட்டிகுளத்தில் போய் இறங்கியபோது ஜெகதாம்பாள், 'ஒத்துக்கிறீங்களா' என்றாள். 'உங்கப்பா சொல்லட்டும்' என்றார் அவர். சரி என்று மாமனார் வண்டி கட்டினார். மாமியார் ரத்தினம்மாள், அந்த ஆட்டையாவது பார்க்கலாம் என்று தானும் ஏறிக்கொண்டாள்.

படம் முடிந்து நால்வரும் வெளியே வந்தார்கள். வைரக்கண்ணு நெடுநேரம் மீசையைத் தடவினார்.

"மாப்ள சொல்றதுதான் நெசம். இடது கன்னம்," என்றார்.

பஞ்சநாதனின் வேட்டி மறுபடியும் இடுப்பில் நின்றது. ஒரு நிமிஷம்தான்.

"எது இடது?" என்றாள் ரத்தினம்மாள். "கண்ணுல என்ன புண்ணாக்கா? வலது கன்னத்துல மொளகு மொளகா நிக்குது மச்சம். மருமவன் மொகத்துக்காவ பொய் சொல்றீயளா?"

பொய் என்ற சொல்லை வைரக்கண்ணு தாங்கவில்லை. வண்டியில் நாலு பேரும் நாலு திசையைப் பார்த்தபடி ஊர் வந்து சேர்ந்தார்கள். அன்றிலிருந்து மாமனாருக்கும் சோறு கிடையாது. போன இடத்தில் ஒரு சமையலறையைத் திறக்கப் பார்த்து, இரண்டாவதையும் மூடிவிட்டிருந்தார் பஞ்சநாதன்.

இருவரும் மாட்டுத்தொழுவத்து ஓரத்தில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். புகை பார்த்து ஊர் கூடியது. விஷயம் தெரிந்ததும், நாங்களே பார்த்துவிட்டு வந்து சொல்கிறோம் என்று செட்டிகுளத்து ஆண்களும் பெண்களும் வண்டி வண்டியாகப் பெரம்பலூருக்குப் போனார்கள். போகும்போது சிரித்துப் பேசிக்கொண்டு போன ஜோடிகள், வரும்போது தனித்தனி வண்டியில் வந்தார்கள். தொழுவத்து ஓரத்தில் கல்லடுப்புகள் பெருகின. மலைமேல் இருக்கிற முருகனுக்கே கீழே ஏதோ பட்டாளம் இறங்கிவிட்டது என்று தோன்றியிருக்கும். கொட்டகைக்காரர் மட்டும் படத்தை இன்னும் ஒரு வாரம் நீட்டித்து, தப்பட்டை அடித்து அறிவித்தார்.

"மாப்ள," என்றார் வைரக்கண்ணு ஒரு காலையில், வேகாத சோற்றை மென்றபடி. "எனக்கு அந்தப் பய தொங்குனாலும் ஒண்ணுதான், தொங்காட்டியும் ஒண்ணுதான். ரத்தினத்தோட கொழம்பு வேணும். சீக்கிரமா ஒரு வழி பண்ணுங்க."

சொல்லிவிட்டு வண்டி கட்டப் போனார். பஞ்சநாதன் ஒத்தாசைக்கு மாடுகளுக்கு எதிரே போய் நின்றார். வலத்து மாட்டைப் பிடிக்கச் சொன்னார் மாமனார். பஞ்சநாதன் ஒன்றைப் பிடித்தார்.

"அது இடத்து மாடுங்க. நீங்க எதுத்தாப்ல நிக்கிறீங்க. பின்னால வந்து நின்னு பாருங்க, சரியாயிடும்."

பின்னால் போனார். சரியாகிவிட்டது.

அந்தக் கணத்தில் பஞ்சநாதனின் மூளைக்குள் மின்சாரக் கதிர் பாய்ந்தது. விஞ்ஞானி செத்த காட்சியில் பெண்கள் ஓவென்று அழுதார்களே, அந்த அழுகை எங்கிருந்து வந்தது? திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. கொட்டகையின் நடுவில் திரை; இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். துணித்திரையில் விழுகிற படம் அந்தப் பக்கமும் தெரியும். ஆனால் பின்னாலிருந்து பார்த்தால் இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். ஒருவரும் பொய் சொல்லவில்லை. பாவம், பெண்கள் இத்தனை நாளாகப் படத்தின் முதுகைப் பார்த்திருக்கிறார்கள்.

கட்டிய வண்டியிலேயே மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு பட்டப்பகலில் பெரம்பலூர்க் கொட்டகைக்குப் போனார். வழிநெடுக ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகத்தில் மட்டும் வெற்றி வழிந்தது. கொட்டகையில் யாருமில்லை. காத்தாயி மட்டும் திரைத்துணியின் கிழிசலை மணலில் பரப்பித் தைத்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சநாதன் கோர்ட்டில் வக்கீல் நிற்பதுபோல நின்றுகொண்டு, முன்பக்கம் பின்பக்கம் விவகாரத்தை விளக்கினார். பின்பக்கம் உட்கார்ந்தவர்கள் கண்மேல் குற்றமில்லை, ஆனால் அவர்கள் சாட்சியம் செல்லாது என்றார். ரத்தினம்மாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். ஜெகதாம்பாள் எதையோ யோசித்தாள்.

"அப்படீன்னா, திரைக்குப் பின்னால இருந்து பார்த்தவங்க சொன்னதுதான் தப்பு. அப்படித்தானுங்களே?"

"அதே. அப்படிப் பார்த்தவங்க இனிமே வீட்டுல எதிர்வார்த்தை பேசக்கூடாது. ஒரு வருஷத்துக்கு ஆட்டுக்கல்லுல மாவாட்டணும். செட்டிகுளத்து முருகன் சாட்சி."

"மாப்ள, என்னையும் இதுல சேத்துச் சொல்றீங்களா?" என்று வைரக்கண்ணு மெதுவாகக் கேட்டார்.

"நமக்கென்ன மாமா பயம்?"

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றாள் ஜெகதாம்பாள். "ஆத்தாவுக்குச் சரியா கேக்கல."

அவர் இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை சத்தமாகவே சொன்னார். பிறகு காத்தாயி பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லும்மா காத்தாயி. இந்தக் கொட்டகையில திரைக்குப் பின்பக்கம் ஒக்கார்றது யாரு?"

காத்தாயி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அதுல என்னங்க ரகசியம்? மெஷினுகிட்ட பீடி குடிச்சா படச்சுருளு பத்திக்கும்னு மொத நாள்லேர்ந்தே ஆம்பளைங்களத்தான் திரைக்குப் பின்னால வச்சிருக்கு. எழுத்தெல்லாம் திரும்பித் தெரியுதேன்னு இன்னிவரைக்கும் உங்கள்ல ஒருத்தரும் வந்து கேக்கல."