காய்ச்சல் அண்ணாச்சி ஓட்டிய கல்யாணப் படகு

உலகத்திலேயே பின்பக்கம் பார்த்துப் படகோட்டிய ஒரே மனிதர் எங்கள் காய்ச்சல் அண்ணாச்சிதான். சாந்தன்பாறைப் பக்கம் எங்கள் ஏலத்தோட்டத்துக்கும் அக்கரைக்கும் நடுவே அணைத் தண்ணீர். கடக்க எஸ்டேட்டின் டீசல் படகு ஒன்று உண்டு. என்ஜின் சூடாகாமலிருக்க, படகின் அடியிலுள்ள துளை வழியாக ஏரித் தண்ணீரை உறிஞ்சிப் பின்குழாயில் துப்பும். துப்பல் நின்றால் என்ஜினுக்குக் காய்ச்சல் என்பார் அண்ணாச்சி. அதனால் அவர் கண் எப்போதும் குழாயிலேயே இருக்கும். எதிரே பட்டமரம் வந்தால் நாங்கள்தான் கத்த வேண்டும்.

கொஞ்சம் சூடு கூடினாலும் என்ஜின் தலையில் ஈரத்துணி போட்டு, "ராத்திரி நல்லாத் தூங்குனியா?" என்று விசாரிப்பார். பெற்ற பிள்ளைகளிடம்கூட அவர் அப்படிக் கேட்டதில்லை.

எழுபதுகளில் என் கல்யாணம். வேதக்கோயில் அக்கரையில். போதகருக்கு மாலையில் பீர்மேட்டில் இன்னொரு கல்யாணம். பன்னிரண்டு அடித்தால் ஜீப் ஏறிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த புதன் லெந்து தொடக்கம், அந்த நோன்பு நாட்களில் கல்யாணம் கிடையாது. அன்று தவறினால் ஈஸ்டர் கழித்துத்தான் தாலி. பெண்ணின் அப்பாவோ ஏற்கெனவே அரைமனதில் இருந்தார்.

அண்ணாச்சி தன் மனைவியின் கல்யாணச் சேலையைப் படகின் ஓரம் முழுக்கக் கட்டி அலங்கரித்திருந்தார். மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு பெண்வீட்டுக் கரைக்குப் புறமுதுகு காட்டக் கூடாதென்று, ஆயுளில் முதல்தடவையாக முன்பக்கம் பார்த்து ஓட்டினார். நடுஏரியில் ஆவி கிளம்பியது. திரும்பிப் பார்த்தால் குழாய் காய்ந்து கிடக்கிறது.

என்ஜினை அணைத்தார். என் மாமா அவசரமாக ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினார்.

"வைங்கய்யா கீழ. கொதிக்கிற இரும்புல பச்சத்தண்ணிய ஊத்துனா வெடிச்சிரும்லா?"

பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார், சரியாக இருந்தது. வடிகட்டியைத் திறந்தார், சுத்தமாக இருந்தது.

"மூடியத் திறந்தா தண்ணி மேல வரணும், வரல. அடியில வாய் அடைச்சிருக்கு தம்பி."

சொன்னவர் புதுச்சட்டையோடு தண்ணீரில் குதித்துவிட்டார். எழும்பியபோது அவர் கையில் சேலை முந்தானை. அவிழ்ந்து தொங்கியதைத் துளை இழுத்துக்கொண்டிருந்தது.

"வீட்டுல என்ன சொல்லுவீங்க அண்ணாச்சி?"

"ஒங்க கல்யாணத்துக்குக் கிழிஞ்சுதுன்னு சொல்லுதேன். ரெண்டு பேரையும்லா திட்டுவா, எனக்குப் பாதிதான வரும்."

கை பொறுக்கும் அளவுக்குச் சூடு ஆறும்வரை என்ஜினைத் தொட விடவில்லை. நான் கெஞ்சினேன், மாமா மிரட்டினார். மனிதர் அசையவில்லை. பிறகு முடுக்கினார். குழாய் இருமியது, துப்பியது. அந்த அழுக்குத் தண்ணீரைப் பார்த்து நான் அழுதேவிட்டேன்.

கரை சேர்ந்தபோது போதகரின் ஒரு கால் ஜீப்பில். மாமா அவரைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டே கோயிலுக்குள் போனார். கீழே படகுத்துறையில் என்ஜின் படபடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. உடன்படிக்கையைப் போதகர் கத்திக் கேட்டார், நாங்கள் கத்தியே பதில் சொன்னோம்.

தாலி கட்டி முடித்து இறங்கிவந்து, "ஏன் அண்ணாச்சி, கொஞ்சம் நிப்பாட்டிட்டு மேல வந்திருக்கலாம்ல?" என்றேன்.

"நிப்பாட்டுனா திரும்ப ஓடுமோ என்னமோ. புதுப்பொண்ண நடுத்தண்ணியில உக்கார வைக்கவா?" என்றார், என்ஜின்மேல் வைத்த கையை எடுக்காமலே. சட்டை இன்னும் காயவில்லை.

வந்தவர்களில் என் கல்யாணத்தைப் பார்க்காதவர் அவர் ஒருவர்தான். அன்றைக்கு எனக்கு எல்லோரையும்விட வேண்டியவரும் அவர்தான்.