வான்கோழி கூப்பிடும் பெட்டி

இந்த வசந்தத்தில் அந்தக் கிழட்டு வான்கோழிச் சேவலைச் சுடாமல் விடுவதில்லை என்று ஆர்லிஸ் சபதம் எடுத்தான். போன வசந்தத்திலும் இதே சபதம்தான். அதற்கு முந்தின வசந்தத்திலும் வேறு சபதம் எடுத்ததாகத் தெரியவில்லை.

வீட்டுச் சுவரில் அவனுடைய பம்ப் துப்பாக்கி மாட்டியிருக்கும். பெயர் ரோசலி. ரோசலிக்கு எண்ணெய் போட்டுத் துடைக்காமல் அவன் படுத்ததே கிடையாது. மனைவி நோரீன் ஜுரமாய்க் கிடந்த அன்றுகூட முதலில் ரோசலி, அப்புறம்தான் சூப். துப்பாக்கிக்குக் கீழே ஓர் ஆணி. சுட்ட சேவலின் நெஞ்சில் தொங்கும் முடிக்கற்றையை, அதாவது தாடியை, ஊரே பார்க்கத் தொங்கவிடுவதற்காக அடித்தது. மூன்று வருஷமாக அதில் நோரீன் அடுப்புத் துணியைத்தான் தொங்கவிடுகிறாள்.

வேட்டை சீசன் முடிய ஒரு நாள்தான் பாக்கி. ராத்திரிச் சாப்பாட்டின்போது நோரீன் ஆரம்பித்தாள்.

“நாளைக்கு எங்கம்மா வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கூரை போட்டுத் தரேன்னு சொல்லியிருக்க. நெனப்பிருக்கா?”

“நாளையோட சீசன் முடியுது நோரீன்! கூரை எங்கயும் பறந்து போயிடாது.”

“பாதி பறந்து போச்சுய்யா. அதுக்குத்தானே கூப்பிடறாங்க?”

“சேவல் எனக்காகக் காத்திருக்குமா?”

“மூணு வருஷமா பாவம், காத்துக்கிட்டுத்தானே இருக்கு.”

ஆர்லிஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. சோள ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பாடம் எடுக்கத் தொடங்கினான்.

“வேட்டையைப் பத்தி உனக்கென்ன தெரியும்? பெட்டை மாதிரி மெதுவா கூப்பிடணும். ஒண்ணு ரெண்டு தடவைதான். அப்புறம் கப்சிப். ‘நம்மள விட்டுட்டுப் போறாளே’ன்னு சேவலுக்கு இருப்புக் கொள்ளாது. தானா வந்து நிக்கும்.”

“தானாவா வரும்?”

“மாரை நிமித்திக்கிட்டு வரும். ஆம்பளைத் திமிரு.”

“அப்படியா சங்கதி! சரி, போயிட்டு வா” என்றாள் நோரீன். அது மட்டுமா? வேட்டைச் சட்டைப் பையில் தோட்டாக்களைத் தானே எடுத்துவைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சுலபமாகச் ‘சரி’ சொன்னதே இல்லை. அங்கேயே மனுஷன் உஷாராகியிருக்க வேண்டாமோ? நம்ம ஆள் பெருமையோடு குறட்டை விட்டான்.

விடிவதற்கு முன்பே ஓக் மரத்தடியில் போய் உட்கார்ந்து, இருட்டில் தடவித் தடவி ரோசலிக்குத் தோட்டா போட்டான். முகத்தில் வலை. உடம்பெல்லாம் இலைதழை போட்ட சட்டை. பெட்டைக் குரலில் கூப்பிடும் கருவியை உரசினான். மேட்டிலிருந்து சேவல் ஒரே ஒரு தடவை கொக்கரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. கேலி செய்த மாதிரியே இருந்தது.

அப்போதுதான் ஓடைப் பக்கமிருந்து ஒரு பெட்டையின் குரல் வந்தது. அடேயப்பா, என்ன குழைவு! மெதுவாக இரண்டு தடவை. பிறகு சத்தமே இல்லை.

‘சேவல் இவகிட்டதான் போகும். இவ பின்னாடி போனா ஆள் மாட்டினான்’ என்று ஆர்லிஸ் கணக்குப் போட்டான். சத்தம் வரும் திசையில் நடக்கவே கூடாது என்பது வேட்டைக்காரனின் முதல் விதி. ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தவனே இவன்தான். அவன் எழுந்து நடந்தான். ஓடையில் இறங்கினான், பூட்ஸ் நிறையத் தண்ணீர். முட்புதரில் தவழ்ந்தான், கால்சட்டையில் பாதி அங்கேயே நின்றுவிட்டது. பெட்டை சும்மா இருந்தபோதெல்லாம், நம்மள விட்டுட்டுப் போறாளே என்று அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

காட்டு ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தான். அந்தக் கிழட்டுச் சேவலேதான்! வாலை விசிறியாக விரித்துக்கொண்டு, தாடி தரையைத் தொட, கண்ணுக்கு எதிரே. மூன்று வருஷ மானம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.

விசையை அழுத்தினான். ‘க்ளிக்.’ பம்ப்பை இழுத்து மறுபடியும் அழுத்தினான். ‘க்ளிக்.’ சேவல் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

“வந்துட்டியா?”

பக்கத்து விறகுக் குவியலுக்குப் பின்னாலிருந்து எழுந்தவள் நோரீன். அவளுக்குப் பின்னால் மாமியார் வீடு. கையில் வான்கோழி கூப்பிடும் மரப்பெட்டி. போன கல்யாண நாளுக்கு ஆர்லிஸ் கொடுத்த பரிசு. அதாவது, தனக்காக வாங்கி அவள் பெயரைச் செதுக்கிக் கொடுத்தது.

“நீயா! தோட்டா எங்கடீ?”

“டிராயர்ல பத்திரமா இருக்கு. உன்கிட்ட இருக்கறது, நீ டிவியில வர்றவங்களைக் குறி பார்த்துப் பழகற பொய்த் தோட்டா. துப்பாக்கிக்காரனை நானே கூப்பிடப்போறேன், கையில நெசத் தோட்டாவா குடுத்து அனுப்புவேன்?”

ஆர்லிஸுக்கு அழுகையே வந்துவிட்டது. “அது உன் சத்தத்துக்கு வந்துச்சே நோரீன்! மூணு வருஷமா என் சத்தத்துக்கு வராதது!”

“ரெண்டு பேருமேதான் வந்தீங்க. அதுக்கு ரெக்கை இருந்துச்சு, தப்பிச்சிடுச்சு.”

மாமியார் நெட்டி ஏணியோடு வந்தாள். “வாங்க மாப்பிள்ளை. சுவத்துல ஒரு ஆணி காலியா இருக்குன்னு வருத்தப்படறீங்களாமே? இங்க ஒரு டப்பா நிறைய இருக்கு” என்று சுத்தியலையும் நீட்டினாள்.

உச்சி வெயில்வரை ஆர்லிஸ் கூரைமேல் இருந்தான். இனி நோரீன் என்ன சொன்னாலும் அசைவதில்லை, சாப்பிடக் கூப்பிட்டாலும் இறங்குவதில்லை என்று புதுச் சபதம் எடுத்திருந்தான்.

நோரீன் ஏணியடிக்கு வந்தாள். பெட்டியை மெதுவாக இரண்டு தடவை உரசிவிட்டுச் சும்மா இருந்தாள்.

ஆர்லிஸ் ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தான்.