ஷாக் அடித்தது மெஷின் இல்லை

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே நானும் மாமாவும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் அளவுக்குச் சௌக்கியம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் அதைவிடச் சௌக்கியமாக இருக்க வேண்டும். மூன்று மாதமாக உன் போனை எடுக்காததற்கு முதலில் மன்னிப்பு. நீ வாங்கிக் கொடுத்த மோட்டார் தையல் மெஷினில் கரண்ட் கசிகிறது, கூடப் பிறந்தவள் தலையிலேயே ஓட்டை மெஷினைக் கட்டிவிட்டான் என்று துணி தைக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னதற்கு இரண்டாவது மன்னிப்பு. மெஷின் மேல் தப்பில்லை. தப்பு என் தண்டுவடத்தில்.

தைக்கக் குனிந்தால் பிடரியில் ஆரம்பித்து முதுகு வழியாகக் கால் வரைக்கும் சுரீரென்று ஒரு ஷாக். நிமிர்ந்தால் இல்லை. எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லீங்க" என்றார். நான் விடுவேனா? காலுக்கு அடியில் ரப்பர் பாய் போட்டேன், கையுறை மாட்டிக்கொண்டு தைத்தேன். கடைசியில் பிளக்கையே பிடுங்கிவிட்டுக் குனிந்தேன், அப்போதும் அடித்தது. மாமா சொல்வதற்குத் தலையாட்டினாலும் அடித்தது, அதனால் ஆட்டுவதை நிறுத்திவிட்டேன். எலக்ட்ரீஷியனை மறுபடி கூப்பிட்டு, "பிளக் போடாமலே அடிக்குதே, எப்படி?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, "அக்கா, இதுக்கு என்கிட்ட சாமான் இல்லை" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இதற்கு நடுவில் மார்புக்குக் கீழே யாரோ பெல்ட்டை இழுத்துக் கட்டிய மாதிரி இறுக்கம். பெருத்துவிட்டேன் என்று நினைத்து என் சட்டைகள் ஐந்தையும் பக்கத் தையல் பிரித்து அகலமாக்கினேன். இறுக்கம் போகவில்லை. டேப் வைத்து அளந்தால் போன வருஷத்தைவிட அரை இஞ்சு குறைவு. "சட்டை பறக்குது, நீ இறுக்குதுங்கற" என்று மாமா சிரித்தார். அடுத்த வாரம் வலது கால் பெடலில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மெஷின் தன் போக்கில் ஓடி, ஒரு வக்கீலின் கோட்டுக் கை வாயை அடைத்துத் தைத்துவிட்டது. அதன் பிறகுதான் மாமா சிரிப்பதை நிறுத்தி நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். சாவியால் உள்ளங்காலைக் கீறினார். இடது கால் விரல்கள் மடங்கின, வலது கட்டைவிரல் மட்டும் மேலே போனது. "இது மட்டும் ஏன் மேலே போகுது?" என்று கேட்டேன். "அதைத் தெரிஞ்சுக்கத்தான் ஸ்கேன்" என்றார். படத்தில் தண்டுவடத்தின் கழுத்துப் பகுதியில் ஒரு வெள்ளைத் திட்டு, முதுகுப் பகுதியில் ஒன்று, மூளையிலும் சில. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயராம். உடம்பைக் காக்க வேண்டிய காவல் அணுக்களே நரம்பின் மேலுறையை அரித்துவிடுகின்றன. நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். குனிந்தால் தண்டுவடம் இழுபடும், உறை போன நரம்பு அந்த இழுப்புக்கே பதறுகிறது, அதுதான் ஷாக். இறுக்கம், முதுகுத் திட்டு அனுப்பும் பொய்ச் செய்தி. பெடல் விஷயம், கால் சொல்வது மேலே போய்ச் சேராததால். "லைனிங் கிழிஞ்ச கோட்டு மாதிரியா?" என்றேன். "கிட்டத்தட்ட. கொஞ்சம் தானாவே சரியாகும். புதுசாக் கிழியறதைக் குறைக்க மருந்து இருக்கு" என்றார். இத்தனை வருஷம் அடுத்தவர் முதுகை அளந்தவள், என் முதுகுக்குள் இருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். சுண்டுவிரல் தடிமன்தான் தம்பி, மொத்த உடம்பும் அது வழியாகத்தான் தலையோடு பேசுகிறது. அந்த ஆச்சரியத்தில் எனக்குப் பயப்படவே மறந்துபோனது.

கால் பழையபடி ஆகுமா என்று கேட்டதற்கு மட்டும் அவர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. எனவே தையலை விட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவந்து மெஷினை எடுத்துப் போ. எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாக வளரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, கொடுப்பதற்கு முன் மெஷினைத் துடைக்கலாம் என்று உட்கார்ந்தேன். மேசைக் கால்களுக்கு அடியில் மாமா செங்கல் வைத்து உயர்த்தினார், குனிய வேண்டியிருக்கவில்லை. இடது காலால் மிதித்துப் பார்த்தேன். முதல் ஆறு வரி கோணல், ஏழாவது நேராக வந்தது. வண்டி வேண்டாம். ஞாயிறும் வேண்டாம், புதன்கிழமை வா. அன்றைக்குத்தான் முதல் மருந்து ஏற்றுகிறார்கள். பயப்பட மறந்தேன் என்று மேலே எழுதியிருப்பது சுத்தப் பொய்டா.