வராத ஸ்வெட்டரும் இரட்டைக்குழல் துப்பாக்கியும்

கள்ளிக்குப்பம்,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்புள்ள கொழுந்தன் டேனிக்கு அண்ணி ஆரோக்கியமேரி எழுதுவது. மாதாவின் தயவில் முழங்கால் தவிர மற்றதெல்லாம் சுகம். உங்கள் சுகம் நீங்கள் எழுதினால்தான் தெரியும்; எழுத மாட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை பூந்தமல்லியில் ஜாகிருடைய துப்பாக்கிக் கடையில் இருந்தவர்கள்: நீங்கள், உங்கள் வீட்டுக்காரி ரோஸி, ஜாகிர், நான். மேஜைமேல் உங்கள் அண்ணனுடைய இரட்டைக்குழல், அவர் அடக்கம் முடிந்ததும் நாம் அங்கே ஒப்படைத்தது. அடக்கத்துக்குப் பிறகு இத்தனை பேரோடு நான் உட்கார்ந்தது அன்றுதான். ரோஸி எனக்கு மட்டும் டீ சொல்ல மறந்தாள். அடக்கத்தன்றும் மறந்தாள்.

விற்கலாமா என்றீர்கள், தலையாட்டினேன். அதற்குள் ஜாகிர், "கண்ண மூடிகினு தோள்ல வையுங்க அண்ணாத்தே, அப்பறம் தொறங்க. ரெண்டு கொழலுக்கும் நடுவுல பட்டை கீது பாருங்க, அது நேரா தெரிஞ்சா தோள்ல வைக்கிற இந்தக் கட்டை உங்களுக்குத் தச்சது" என்றான். நீங்கள் திறந்து, "செவுருதான் தெரியுது" என்றீர்கள். "மூக்குல கட்டவெரலு இடிக்குது, அது தெரியலையா" என்றாள் ரோஸி. ஜாகிர் கட்டையைத் துணியால் துடைத்துக் காட்டினான். பாலில் டிகாஷன் இறங்கும்போது சுழிக்குமே, மரத்தில் அப்படி ரேகை. "எங்க தாத்தா ஹபிபுல்லா செதுக்கினது. குட்டையா, பீச்சாங்கை பக்கம் வளைச்சிகீறாரு. உங்க அண்ணன் சோத்தாங்கைதானே?" என்றான். நீங்கள் சிரித்தீர்கள்: "அதான் எங்கண்ணன் ஒரு தட்டும் ஒடைக்கல." உண்மைதான். துப்பாக்கிக் கிளப்பில் ஆகாயத்தில் எறிகிற மண் தட்டைச் சுட்டு உடைக்க வேண்டும். உங்கள் அண்ணனுக்கு அது முழுசாகவே புல்லில் விழும், வீங்கிய மூக்கோடு வீட்டுக்கு எடுத்து வருவார். என் பூந்தொட்டி ஒவ்வொன்றுக்கும் அடியில் அந்தத் தட்டுதான். கண் தெரியாத மனுஷன் என்று எத்தனை ஏசியிருக்கிறேன்.

அளவு எப்படி எடுப்பீர்கள் என்று ரோஸி கேட்டதற்கு, "மொழங்கை மடிப்புலேந்து ஆள்காட்டி வெரலு வரிக்கும் நூலு புடிப்போம்மா" என்றான் ஜாகிர். நீங்கள் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டீர்கள். நான் எழுந்திருக்கவில்லை. கல்யாணமான முதல் வருஷம் உங்கள் அண்ணன் என் இடது கையை நீட்டச் சொல்லி அப்படித்தான் நூல் பிடித்தார். நான் பீச்சாங்கைக்காரி என்று உங்கள் அம்மா அதே கையில் கரண்டியால் ஒரு போடு போட்டதை நீங்கள் மறந்திருக்கலாம், கை மறக்கவில்லை. எதற்கு நூல் என்றேன். "ஊட்டிக்குப் போறோம், ஸ்வெட்டரு" என்றார். ஊட்டியும் இல்லை, ஸ்வெட்டரும் இல்லை. கிறிஸ்துமஸ் தவறாமல் அந்த ஸ்வெட்டரைக் கேட்டேன். அவர் எழுந்து போய்த் துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவார்.

"குடு ஜாகிரு, பாப்போம்" என்றேன். கண்ணை மூடி இடது தோளில் வைத்தேன். கன்னம் தானாகப் போய் மரத்தில் உட்கார்ந்தது. திறந்தேன். பட்டை நேராக எதிர்ச்சுவர் ஆணிவரை போனது. ஜாகிர் கிட்டே வந்து பார்த்தான். "ஆயா, இது உங்க கட்டை" என்றான்.

துப்பாக்கி தூக்குகிற மருமகளை உங்கள் அம்மா வீட்டில் வைத்திருக்க மாட்டாள், உங்கள் அண்ணனுடைய அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அவள் போன பிறகாவது சொல்லியிருக்கலாம். ஞாயிறுதோறும் அவர் கிளப்பில், நான் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு. ஒருநாள் வா என்றிருந்தால் போயிருப்பேன், தட்டும் உடைந்திருக்கும். இப்போதும் ஊற்றுகிறேன். பேச்சும் தொட்டிகளோடுதான்.

இந்த வயசில் எனக்கு எதற்கு, விற்றுவிடுங்கள். உங்களுக்கு நிறைய ஆசீர்வாதம், ரோஸிக்குக் கொஞ்சம்.

அண்ணி,
ஆரோக்கியமேரி

பி.கு.: விற்க வேண்டாம். என் பேருக்கு லைசென்ஸ் மனு எழுதச் சொல்லி ஜாகிருக்குப் போன் போட்டுவிட்டேன். "கண்ணுக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் கேப்பாங்க ஆயா" என்கிறான். கேட்கட்டும். ஞாயிறு கிளப்புக்குக் கூட்டிப்போக நீங்கள் வர வேண்டும். ரோஸியும் வரட்டும், டீ நான் போடுகிறேன். அவளை மன்னித்துவிட்டேன். உங்கள் அம்மாவையும் இன்றைக்குப் பூசையில் மன்னித்தாயிற்று. மன்னிக்க மாட்டாத ஆள் ஒருத்தர்தான். கட்டிய நாள் முதல் அவர் பேரை நான் வாயால் சொன்னதில்லை, இப்போது எழுதுகிறேன்: பிரகாசம்.