குஷன் அசையக் கூடாது

ஊசியும் வேண்டாம், நூலும் வேண்டாம், குஷனை நிறுத்திக் காட்டுகிறேன் என்று கொளஞ்சிநாதன் சபதம் செய்தபோது தரையில் உட்கார்ந்திருந்தார். சபதம் செய்கிற இடமா அது? ஆனால் அரை நிமிஷம் முன்னால் வரைக்கும் சோபாவில்தான் இருந்தார். குஷன் முன்பக்கமாக நழுவியது. கூடவே அவரும் நழுவினார். கையிலிருந்த டீ மட்டும் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அந்த அளவுக்கு மனிதருக்குப் பழகிப்போயிருந்தது.

பூங்கோதை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எறங்கிட்டீங்களா?"

"நானா எங்க எறங்கனேன்? அது எறக்கி வுட்டுது."

"நாலு நாடா தெச்சி சோபா பட்டையோட சேத்துக் கட்டிட்டா அசையாதுன்னு எத்தினி தரம் சொல்றது? தையல் மெஷின ஜன்னலாண்ட போடுங்க. அர மணி நேரத்துல முடிச்சித் தரேன்."

ஜன்னல் என்ற சொல்லைக் கேட்டதும் கொளஞ்சிநாதனுக்கு டீ கசந்தது.

அந்த வீட்டில் காற்று வருகிற ஜன்னல் ஒன்றே ஒன்று. அதன் அடியில்தான் சோபா. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு அந்தக் காற்றில் காலை நீட்டிப் படுப்பதற்காகத்தான் அவர் மிச்ச ஆறு நாளும் உயிர் வாழ்ந்தார். பூங்கோதையோ தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைக்கிறவள். அவளுடைய மோட்டார் மெஷின் அடுப்படி மூலையில், இருட்டில் கிடந்தது. ஊசியில் நூல் கோக்க செல்போன் லைட் வேண்டும். வேகமாக ஓட்டினால் வழவழ டைல்ஸில் மெஷின் தானாகவே நடக்க ஆரம்பித்துவிடும். அதை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டு தைப்பாள். ஜன்னலோரம் அவள் கேட்டது நியாயம்தான். நியாயம் என்று தெரிந்ததால்தான் கொளஞ்சிநாதன் அந்தப் பேச்சையே எடுக்கவிடுவதில்லை.

"நாடாவும் வாணாம், ஒன் மெஷினும் வாணாம். ஊசி தொடாம நானே நிறுத்திக் காட்றேன்."

"பந்தயமா?"

"பந்தயம்!"

"அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம எங்கப்பா வராரு. அவரு ஒக்காந்து ஏந்திரிக்கற வரைக்கும் குஷன் அசையக் கூடாது. அசையலன்னா நீங்க ஜெயிச்சீங்க. ஜன்னல்னு இனிமே வாயே தொறக்க மாட்டேன். அசைஞ்சிதுன்னா ஜன்னல் எனக்கு."

நல்லூரிலிருந்து வரும் மாமனார் கோவிந்தசாமி லேசுப்பட்ட ஆளில்லை. நெல் மூட்டையைத் தூக்கினால் மூட்டைதான் கூச்சப்படும், அப்படிப்பட்ட உடம்பு. போன தடவை வந்து உட்கார்ந்த வேகத்தில் முன்னால் போன குஷனுக்குப் பின்னாலேயே கீழே போய்விட்டு, "என்னா மாப்ள, சோபா வாங்குனீங்களா, சறுக்குமரம் வாங்குனீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் கொளஞ்சிநாதனின் காதில் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் குற்றம் சோபாவுடையது அல்ல. கொளஞ்சிநாதன் விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் கிளேஸ் மேஸ்திரி. கரண்டுக் கம்பத்தில் மாட்டும் பீங்கானோ, ஃப்யூஸ் கட்டையோ, பொம்மையோ, அவர் பூச்சுப் பூசி மினுக்காமல் எதுவும் வெளியே போகாது. எதுவும் மங்கலாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. தேக்கு சோபா வந்து இறங்கிய அன்றே, உட்காருகிற இடத்தில் இடுக்கு விட்டு அடித்திருந்த பட்டைகள் மங்கல் என்று மூன்று கோட்டு வார்னிஷ் அடித்தார். பட்டையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அதோடு விட்டாரா? குஷனுக்கு உறையும் பளபளவென்று சாட்டின் துணியில் வாங்கினார். பளபளப்பின்மேல் பளபளப்பை வைத்தால் என்ன ஆகும் என்பது மேஸ்திரிக்குத் தோன்றவே இல்லை.

முதல் முயற்சி ரப்பர் வலை. பாலக்கரைக் கடையில் ஓட்டை ஓட்டையாக ஒரு விரிப்பு கிடைத்தது. வழுக்கவே வழுக்காது என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். பட்டைமேல் விரித்து, குஷனைப் போட்டு, கொளஞ்சிநாதன் கம்பீரமாக உட்கார்ந்தார். முன்னே குஷன் தனியாகப் போகும். இப்போது துணைக்கு விரிப்பையும் அழைத்துக்கொண்டு போயிற்று.

"பரவால்லியே, கும்பலா கெளம்பிட்டாங்க" என்றாள் பூங்கோதை.

இரண்டாவது முயற்சி, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப். குஷன்களின் அடிப்பக்கம் முழுக்க ஒட்டினார். பட்டையில் வைத்து அழுத்தினார். இழுத்துப் பார்த்தார். அசையவில்லை! சந்தோஷத்தில் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் தேவநாதனை மறுநாள் சாயங்காலம் மேட்ச் பார்க்க வரும்படி கூப்பிட்டார்.

தேவநாதன் வந்தார், உட்கார்ந்தார், மேட்ச் பார்த்தார், "வரேன் கொளஞ்சி" என்று எழுந்து போனார். கேட்டுக்கு வெளியே போனதும்தான் தெருவில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"என்னா தேவநாதண்ணே, படுக்கையோட கெளம்பிட்டீங்க? எந்த ஊருக்கு?"

குஷன் அவருடைய பின்பக்கத்தைவிட்டுப் பிரியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கொளஞ்சிநாதன் ஓடிப்போய் இழுத்தார். லுங்கியும் வரப் பார்த்தது. தேவநாதன் இரண்டு கையாலும் மானத்தைப் பிடித்துக்கொண்டார்.

"டேப்பு அடியிலதான ஒட்னேன், மேல எப்பிடி வந்துது?" என்று வீட்டுக்குள் வந்து கத்தினார் கொளஞ்சிநாதன்.

"காலையில தூசி தட்டி, திருப்பிப் போட்டேங்க" என்றாள் பூங்கோதை. "தெனம் திருப்பிப் போடலன்னா ஒரு பக்கமே அமுங்கிடாதா?"

அவள் முகத்தில் அப்பாவித்தனத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அதைப் பார்த்தே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

மூன்றாவது யோசனை கம்பெனியில், சூளைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது பளிச்சென்று வந்தது. பீங்கான் இருக்கக் கவலை எதற்கு? சின்னதாகத் தொப்பி மாதிரி குமிழ்கள் செய்வது. மூன்று குஷனின் அடியிலும் ஒவ்வொன்றுக்கும் நாலு குமிழ் ஒட்டுவது. குமிழ் இரண்டு பட்டைக்கு நடுவிலுள்ள இடுக்கில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் மாமனார் இல்லை, யானை வந்து உட்கார்ந்தாலும் குஷன் அசையாது. உள்ளே மண்ணை அடைக்கக் கூடாது, வெடித்துவிடும். அதனால் வழக்கம்போல அரை சென்டி கனத்தில் ஓரம் வைத்து, உள்ளே குடைவாகச் செய்ய வேண்டும். இடுக்கின் அளவு தெரிந்தால் போதும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போன் போட்டார்.

"பூங்கோத, சோபா பட்டைக்கு நடுவுல எடம் எவ்ளோ இருக்குதுன்னு இஞ்சு டேப்பு வெச்சி பாத்துச் சொல்லு."

"எதுக்குங்க?"

"சும்மாத்தான். ஒரு கணக்கு."

"என்னா பண்ணப் போறீங்க, பீங்கானா?"

"எது பண்ணா ஒனக்கு என்னா? அளவு சொல்லு."

"குடைவா வெச்சித்தான பண்ணுவீங்க?"

"குடையாம பண்ணா வெடிச்சிடாதா? இருவது வருசமா எங்கூட குடும்பம் நடத்தற, இது தெரியாதா?"

போனைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்து, "நாலு சென்டிங்க. ரெண்டு தரம் பாத்துட்டேன்" என்றாள்.

போனை வைத்ததும் கொளஞ்சிநாதனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எதிராளியின் டேப்பாலேயே எதிராளிக்குக் குழி! ஈர மண் சூளையில் வெந்தால் சுருங்கும் அல்லவா? அதற்காக நாலு சென்டிக்கு மேல் கொஞ்சம் கூட்டிப் பிடித்தார். பன்னிரண்டு குமிழும் சனிக்கிழமை வெந்து வந்தன. கச்சிதமாக நாலு சென்டி. கிளேஸும் அவர் கையாலேயே போட்டது. சூளையில் நிற்கிற நடு அடியைத் தவிர, பசை தடவ வேண்டிய விளிம்பையும் விடாமல் பூசியிருந்தார். மங்கலாக ஒரு இடத்தை விட அவருக்கு மனசு வரவில்லை. அன்று சாயங்காலமே குஷன்களைக் கவிழ்த்துப் போட்டு, காட்டமான பசையில் குமிழ்களை ஒட்டிக் காயவிட்டார். இரவெல்லாம் மாமனார் சோபாவில் மலைபோல் உட்கார்ந்திருப்பதாகக் கனவு.

ஞாயிறு காலை குஷனைத் திருப்பிப் பட்டைமேல் வைத்தார். குமிழ் இறங்கவில்லை. அழுத்தினார், குத்தினார், மேலேறி முட்டி போட்டார். பன்னிரண்டும் இடுக்குக்கு மேலேயே நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றன. டேப்பை எடுத்து அளந்தார். மூன்றரை!

"பூங்கோத! நாலுன்னு சொன்ன, இங்க மூணரதான இருக்குது!"

அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நாக்கைக் கடித்தாள்.

"ஐயய்யோ! நான் சுருக்கத்தயும் சேத்துச் சொல்லிட்டேன் போலருக்குதுங்க. நீங்க மண்ணுக்குத்தான கேப்பீங்கன்னு..."

பீங்கான்காரர் வீட்டுப் பெண்களுக்கு மட்டுமே வருகிற தவறு அது. புருஷன் எதற்கு அளவு கேட்டாலும் சூளைச் சுருக்கத்தையும் கூட்டிச் சொல்லிப் பழக்கம். அவளும் கூட்டினாள், அவரும் கூட்டினார். கல்யாணமான நாளிலிருந்து இன்றைக்குத்தான் முதல் முறையாகப் பூங்கோதை தப்புச் செய்திருக்கிறாள்! அந்த மகிழ்ச்சியில் கொளஞ்சிநாதனுக்குப் பந்தயமே ஒரு கணம் மறந்துபோயிற்று.

"பரவால்ல வுடு, மனுஷின்னா தப்பு பண்றதுதான்" என்று பெரிய மனசோடு சொன்னார்.

பிறகுதான் பந்தயம் நினைவுக்கு வந்தது. அரம் எடுத்து ராவினார். பீங்கான் தேயவில்லை, அரம்தான் தேய்ந்தது. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. குஷன்களை அப்படியே குமிழோடு தூக்கிப் பட்டைமேல் வைத்துவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

கோவிந்தசாமி உள்ளே வந்து சோபாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னா மாப்ள, போன தடவைக்கு இப்ப சோபா வளந்துருக்குது?"

"மாமா, நீங்க இந்த பிளாஸ்டிக் சேர்ல ஒக்காருங்க. இங்கதான் காத்து நல்லா வருது."

"எங்கப்பா எதுக்கு பிளாஸ்டிக் சேர்ல ஒக்காரணும்?" என்று தண்ணீர்ச் சொம்போடு வந்தாள் பூங்கோதை. "தேக்குல சோபா இருக்குது. ஒக்காருங்கப்பா."

உட்கார்ந்தார். கிளேஸ் போட்ட பீங்கான் கீழே, மூன்று கோட்டு வார்னிஷ் அதற்கும் கீழே, மாமனார் மேலே. ஒரு சர்ரென்ற சத்தம். அடுத்த நொடி கோவிந்தசாமி தரையில் இருந்தார். குஷன்மேல் சம்மணம் போட்ட மாதிரி, வந்த மிடுக்கு குறையாமல் இருந்தார். மினுக்கிய விளிம்பில் பசை எங்கே பிடிக்கும்? குமிழ்கள் பொலபொலவென்று கழன்று கூடமெங்கும் உருண்டன. கம்பத்துப் பீங்கான் மண், ஒன்றுகூட உடையவில்லை.

"குஷன் ஒங்கள வுட்டு அசையலியே மாமா!" என்று கடைசி நியாயத்தை எடுத்துப் போட்டார் கொளஞ்சிநாதன். "ரெண்டு பேரும் சேந்துதான வந்தீங்க?"

"ஆமா மாப்ள. போன தடவ குஷன் எனக்கு முன்னால போச்சு. இப்ப கூடவே வந்துருக்குது. முன்னேத்தம்தான்." மாமனார் கையை ஊன்றி எழுந்தார். "இருந்தாலும் பந்தயம்னா பந்தயம். பொண்ணு எல்லாம் போன்ல சொல்லிச்சு. அந்தப் பக்கம் புடிங்க, தூக்குவோம்."

மெஷின் வரப் போகிறது என்றால் சோபாவுக்குக் கூடத்தில் இடமில்லை. பின்கட்டில், பாத்ரூமுக்கு எதிரிலுள்ள நடைதான் மிச்சம். அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். கொளஞ்சிநாதன் நிஜமாகவே கொஞ்சம் கண் கலங்கினார். ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். அது தன் பாட்டுக்குக் காற்றை அனுப்பிக்கொண்டிருந்தது.

ஜன்னலடியில் மெஷின் வந்து நின்றது. பூங்கோதை உருண்டு கிடந்த குமிழ்களை முந்தானையில் பொறுக்கி வந்து, நாலை எடுத்துத் தரையில் மல்லாத்தி வைத்தாள். "அப்பா, கொஞ்சம் தூக்குங்க." மெஷினின் இரும்புக் கால்கள் நாலும் நாலு குடைவுக்குள் இறங்கின. இம்மி இடைவெளி இல்லை. மோட்டாரை அழுத்தினாள். மெஷின் நடக்கவில்லை. நின்ற இடத்தில் நின்று ஓடியது.

கொளஞ்சிநாதன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். மறுபடியும் குனிந்தார்.

"இது எப்பிடிடி இவ்ளோ அளவா ஒக்காருது?"

"மெஷின் காலு மூணு சென்டிங்க. நீங்க ஓரம் அர சென்டி கனம் வெப்பீங்க. ரெண்டு பக்கமும் சேத்தா நாலு."

"அப்ப சுருக்கம் சேத்தேன்னு சொன்னது?"

"நீங்க வருத்தப்படுவீங்களேன்னு சொன்னேன்."

கோவிந்தசாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் போனார்.

"மீதி குமிழு எதுக்கு?" கொளஞ்சிநாதன் அவள் முந்தானையைக் காட்டினார்.

"நாலு துணி வெட்டற மேசைக்கு. அதுவும் கூடத்துக்குத்தான் வருது. மிச்சம் நால கவுத்துப் போட்டு சோபா கால அதும்மேல தூக்கி வைங்க. பாத்ரூம் தண்ணி பட்டு தேக்கு ஊறிடப் போவுது."

கறிக்குழம்பு கொதிப்பதற்குள் குஷன்களுக்கு நாடா தைத்து முடித்துவிட்டாள். பட்டையோடு சேர்த்து இழுத்து முடிச்சுப் போட்டாள். சாப்பிட்டுவிட்டுக் கொளஞ்சிநாதன் பின்கட்டு நடைக்குப் போய்ச் சோபாவில் படுத்தார். பினாயில் வாசனை வந்தது, காற்று வரவில்லை. இந்தப் பக்கம் புரண்டார், அந்தப் பக்கம் புரண்டார், வேண்டுமென்றே ஒரு குதி குதித்தும் பார்த்தார். குஷன் கல்லாட்டம் கிடந்தது.

கூடத்தில் மெஷின் சத்தம் நின்றது.

"என்னாங்க, குஷன் அசையுதா?"

"இல்ல."

"அப்பறம் என்னாங்க, நீங்கதான் ஜெயிச்சீங்க!" என்றாள் பூங்கோதை.