எங்கள் தெருவில் கன்னம் வைத்தவர்

சேலையூர் கேம்ப் ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற அத்தனை வீடுகளிலும் கன்னம் வைத்த ஒரே மனிதர் எங்கள் ஓதம் சார்தான். உடனே போலீசுக்குப் போன் போடாதீர்கள். திருடர்கள் சுவரில் ஓட்டை போடுவார்களே, அந்தக் கன்னம் இல்லை. இது அவருடைய சொந்தக் கன்னம். இடது கன்னம். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதைச் சுவரில் பதித்து நிற்பார். அப்புறம் கண்ணைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: "ஓதம்."

சுவருக்குள் ஊறி உட்கார்ந்துகொண்டு பெயின்ட்டைக் கொப்புளிக்க வைக்கிற ஈரம் இருக்கிறதே, அதுதான் ஓதம். வீடு கட்டிய எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் அதற்காகவே உயிர் வாழ்ந்தவர் இவர் ஒருவர்தான். கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி அதில் தரம் பிரிப்பார். "இது இளசு, வெயில் காட்டினா போயிடும். இது முத்தல். இது வெந்தே போச்சும்மா, செங்கல் வரைக்கும் போயிருச்சு." ரிட்டையராவதற்கு முன்னால் எங்கே வேலை பார்த்தார் என்று தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. பெயரும் தெரியாது. அவர் மனைவி எஸ்தர் டீச்சர் வீட்டுக்கு வழி கேட்டால்கூட, "ஓதம் சார் வீடுதானே?" என்றுதான் சொல்வார்கள்.

நான் அவரை முதலில் பார்த்தது எங்கள் கிரகப்பிரவேசத்தன்று. தெருக்காரர்களோடு வந்தார். பாயசம் கொடுத்தேன், அதைக் கையில் வாங்காமல் நேரே பூஜை அறைக்குப் போனார். சாமி படத்துக்குப் பக்கத்துச் சுவரில் கன்னத்தை வைத்தார். கண்ணை மூடினார். என் மாமியார் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"யாருடி சுதா இவரு?"

"எதிர் வீட்டு டீச்சரோட ஹஸ்பண்ட் அத்தை. கிறிஸ்டியன்ஸ்."

"பாருடி, என்ன பக்தி!"

அந்த நேரம் பார்த்து அவர் மெதுவாக, "ஓதம்… ஓதம்…" என்று முனகினார். மாமியார் காதில் அது "ஓம்… ஓம்…" என்று விழுந்துவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, அவர் நெற்றிக்கு விபூதி எடுத்துக்கொண்டு போனார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

அவருக்கு வணக்கம், சௌக்கியமா என்கிற சமாச்சாரமெல்லாம் கிடையாது. அதற்குப் பதிலாக மாதத்துக்கு ஒரு கேள்வி வைத்திருப்பார். சித்திரையில், "மாடிக்கு வெள்ளை அடிச்சாச்சா?" ஆடிக் காற்றுக்கு முன்னால், "முருங்கையைக் கழிச்சாச்சா?" ஆவணியில், "தென்னையில காஞ்ச மட்டையை இறக்கியாச்சா?" புரட்டாசி பிறந்துவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. மாடித் தண்ணீர் இறங்குகிற ஓட்டை, அதில் இருக்கிற இலை, தரைக்கடியில் தண்ணீர் தேக்குகிற சம்ப்பின் மூடி, வாசல் கால்வாய் என்று ஒவ்வொரு வீடாக விசாரணை நடக்கும். மூன்றாம் வீட்டுப் பையன் கல்யாணம் முடிந்து புதுப் பெண்டாட்டியோடு காரிலிருந்து இறங்குகிறான், ஆரத்தித் தட்டுக்கு முந்திக்கொண்டு இவர் கேட்டார்: "தம்பி, சம்ப் கழுவியாச்சா?"

தென்னை மரம் ஏற வருகிற முனுசாமிக்கு இவரைக் கண்டாலே ஆகாது. மரம் ஏறுவதற்கு முன்னால் அதிலும் ஒருதரம் கன்னம் வைத்துப் பார்ப்பார்.

"இன்னா சார், மரத்துலயும் கன்னத்த வெச்சுகினு கீறீங்க? அதுக்கும் ஓதமா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது முனுசாமி. நீ ஏறு."

"நான் ஏறுறேன். நீங்க தள்ளி நில்லுங்கோ. மட்டை உங்க மண்டைல வுயுந்தா அந்த டீச்சருக்கு யாரு பதில் சொல்றது? இவரோட பெரிய பேஜாரா கீதுப்பா!"

ஓதத்தைக் கண்டுபிடிப்பதில் அவர் ஒருநாளும் தவறியதில்லை. ஆனால் வைத்தியம் இருக்கிறதே, ஐயையோ! எங்கள் மாடியில் ஒரு விரிசல். கொத்தனாரைக் கூப்பிடலாம் என்றால் விடவில்லை. பழைய காலத்துக் கட்டடங்களில் சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்தார்களாம், அதனால்தான் அவை இன்றைக்கும் நிற்கின்றனவாம். சுண்ணாம்பு, கடுக்காய் அளவெல்லாம் சரியாகத்தான் போட்டார். வெல்லத்தில் மட்டும் தாராளம் காட்டிவிட்டார்.

மறுநாள் தாம்பரம் தாலுகாவில் இருந்த எறும்பு மொத்தமும் எங்கள் மாடியில். வந்தவை சும்மா இருக்குமா? விரிசலுக்குள் புகுந்து, கீழே படுக்கையறைக் கூரையில் வரிசையாக இறங்கி, என் வீட்டுக்காரர் முதுகைப் பதம் பார்த்துவிட்டன. சட்டையைக் கழற்றி உதறிக்கொண்டு அவர் கத்த, ஓதம் சார் கட்டில் மேல் ஏறி நின்று எறும்பு வருகிற இடத்தை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்!

"பாத்தியா சுதா! விரிசல் எங்க முடியுதுன்னு இத்தனை நாள் தேடினேன். கரெக்டா காட்டிக் குடுத்துருச்சு பாரு!"

அதன் பிறகு சத்தமில்லாமல் கொத்தனாரை வைத்து வேலையை முடித்தோம். எங்கள் வீட்டில் ஓதம் போயே போய்விட்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கோடி வீட்டு அகிலாவைப் பெண் பார்க்க வந்த கதை தெருவுக்கே தெரியும். மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவர் ஹால் சுவரில் கன்னத்தை வைத்துவிட்டு, "வெளியில பாத்தா பளபளன்னுதான் இருக்கு. பெயின்ட்டைப் பூசி மறைச்சிருக்காங்க. உள்ள ரொம்ப நாளாவே பிரச்னை" என்று சொல்லியிருக்கிறார். பெண் அப்போதுதான் காபித் தட்டோடு வந்து நிற்கிறாள். வந்தவர்கள் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். அகிலாவின் அப்பா ஒரு மாதம் இவரோடு பேசவில்லை. ஆனால் அகிலாவுக்குப் பிடித்த பையன் சிறுசேரியில் அவள் ஆபீசிலேயே இருந்தான். கடைசியில் அவனையே கட்டிக்கொண்டாள். கல்யாணப் பத்திரிகையை முதலில் கொண்டுபோய்க் கொடுத்தது ஓதம் சாருக்குத்தான்.

இவ்வளவும் பண்ணியவர் வீட்டில்தான் தெருவிலேயே மோசமான ஓதம். அந்த மனை பழைய ஏரிக்கரையை ஒட்டின வயல். மழை விட்டாலும் தரைக்கு அடியிலிருந்து தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். மற்ற கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமசுக்கு முன்னால் பெயின்ட் அடிப்பார்கள். இவர் விடமாட்டார். சுவர் காயாமல் அடித்தால் உரியுமாம், தை வரட்டும் என்பார். டீச்சர் பாவம், திட்டுத் திட்டாக இருக்கிற இடத்தில் ஸ்டாரைத் தொங்கவிட்டுச் சமாளிப்பார். "கல்யாணம் ஆனதுலேர்ந்து என் வீட்ல கிறிஸ்துமஸ் பொங்கலுக்குத்தான் வருது" என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

போன வருடம் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. டீச்சருக்கு இளைப்பு வந்துவிட்டது. சிரித்தால் இருமல், இருமினால் மூச்சு அடைக்கும். அடுத்த மழைக்கு முன்னால் ஈரமில்லாத இடத்துக்குப் போய்விட வேண்டும், இல்லையென்றால் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிறுசேரிப் பக்கம் உயரமான ஃபிளாட் ஒன்றைப் பார்த்து வைத்தார்கள். ஆனால் இந்த வீடு விற்றால்தான் அது கைக்கு வரும்.

வீடு எப்படி விற்கும்? பார்க்க வருகிறவர்களுக்குக் கூடத்தையும் சமையலறையையும் டீச்சர் காட்டுவார். ஓதம் சார் ஓதத்தைக் காட்டுவார். பொழிச்சலூரிலிருந்து வந்த ஒருத்தர் அட்வான்சோடு வந்திருந்தார். அவரையும் சுவரில் கன்னம் வைக்கச் சொல்லியிருக்கிறார்.

"நல்லா வையுங்க சார். மீசை இடிக்குதா? இந்தக் கன்னத்தை வையுங்க. தெரியுதா? இது வெந்து போச்சு."

வந்தவர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு போனவர்தான். அவருக்கு முன்னால் வந்தவர்களும் அப்படித்தான் போனார்கள். பொய் சொல்லி விற்க இவருக்கு வராது. டீச்சருக்கும் அது பிடிக்காது. ஆனால் புரட்டாசி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். எதிர் வீட்டிலிருந்து நடந்து வந்ததற்கே மூச்சு வாங்கியது.

"சுதா, ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் ஒரு பார்ட்டி வர்றாங்க. வீட்டை இடிச்சிட்டு ஃபிளாட் கட்டறவங்க. ஓதம் இருக்குன்னு நானே சொல்லிட்டேன், அதைப் பத்தி அவங்களுக்குக் கவலை இல்ல. ஆனா…"

"சொல்லுங்க டீச்சர்."

"டேப்பை வச்சு அளப்பாங்க. எங்கேர்ந்து இடிக்க ஆரம்பிக்கலாம்னு அவர் எதிர்லயே பேசுவாங்க. அவர் தாங்க மாட்டார்மா. ரெண்டு மணி நேரம் அவரை உங்க வீட்ல பிடிச்சு வச்சுக்க முடியுமா?"

அந்த வீடு விற்றுவிட்டால் அவர்கள் போய்விடுவார்கள். விற்காவிட்டால் டீச்சர் என்ன ஆவார்? "நான் பாத்துக்கறேன் டீச்சர், கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டேன்.

சரி, ஓதம் சாரை இரண்டு மணி நேரம் ஓர் இடத்தில் நிறுத்தி வைக்க உலகத்தில் ஒரே வழிதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து பாத்ரூம் மக்கில் தண்ணீர் எடுத்து எங்கள் ஹால் சுவரில் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"என்ன, செவுத்துக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டறியா?"

"நீங்க வாயை மூடிக்கிட்டு அந்த ஃபேனை ஆஃப் பண்ணுங்க. காஞ்சிடப் போகுது."

சர்ச்சிலிருந்து திரும்பிய ஓதம் சாரை வாசலிலேயே மடக்கினேன். "சார், எங்க வீட்ல மறுபடியும் ஓதம்! கொஞ்சம் வந்து பாருங்களேன்." வெள்ளைச் சட்டையோடு ஓடி வந்தார். கையிலிருந்த பைபிளை டீபாய் மேல் வைத்துவிட்டு, கண்ணை மூடி, கன்னத்தைப் பதித்தார்.

வெகுநேரம் அப்படியே நின்றார். வழக்கமான அந்த வார்த்தை வரவில்லை.

"சுதா."

"சார்?"

"ஓதம்னா உள்ளேர்ந்து வரும். இது வெளியேர்ந்து வந்தது. சோப்பு வாசனை வேற அடிக்குது."

நான் திருதிருவென்று விழித்தேன். என் வீட்டுக்காரர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். எதிர் வீட்டு வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கதவு சாத்துகிற சத்தம். யாரோ இரண்டு பேர் பேசிக்கொண்டு உள்ளே போனார்கள்.

"எஸ்தர் அனுப்பினாளா?" என்று கேட்டார்.

தலையை மட்டும் ஆட்டினேன்.

"இடிக்கறவங்கதானே?"

"ஆமா சார்."

"நல்லது. அவ மூச்சு விடணும்மா. அதுதான் முக்கியம்." சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மறுபடியும் கன்னத்தைச் சுவரில் வைத்தார். "அவங்க போற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன். எஸ்தர் கேட்டா, நான் ரொம்ப மும்முரமா பாத்துக்கிட்டிருந்தேன்னு சொல்லிடு. அந்தப் பக்கம் காஞ்சிட்டு வருது பாரு. இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்து."

ஊற்றினேன். வேறென்ன செய்வது? நான் மக்கும் கையுமாக அழுதுகொண்டு நிற்க, அவர் கன்னமும் சுவருமாக நின்றார். அந்த வீடு விற்றுப்போயிற்று.

போன மாதம் சிறுசேரி ஃபிளாட்டுக்குப் போயிருந்தேன். பன்னிரண்டாவது மாடி. டீச்சர் வராந்தாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வேகமாக நடந்து காட்டினார், ஒரு இருமல் இல்லை. பார்க்கவே நிறைவாக இருந்தது. ஓதம் சார் சோபாவில் உட்கார்ந்திருந்தார். எல்லாச் சுவரிலும் கன்னம் வைத்துப் பார்த்துவிட்டாராம், ஒன்றுமே இல்லையாம். மாடியைப் பார்க்கலாம் என்று போனால் பூட்டு. சாவி அசோசியேஷன் ஆட்களிடம் இருக்கிறதாம். "எல்லாம் அவங்களே பாத்துக்கறாங்க" என்றார். குரலில் உப்பில்லை.

இங்கே எதிர் மனையைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டார்கள். ஆடி வந்தது, முருங்கையைக் கழிக்கச் சொல்ல ஆளில்லை, காற்றில் கிளை முறிந்து எங்கள் ஸ்கூட்டர் மேல் விழுந்தது. முனுசாமிகூட மரத்தடியில் நின்று, "இன்னாக்கா, சார் இல்லாம ஏறவே புடிக்கல" என்கிறான். எனக்கு மட்டும் பிடிக்கிறதா என்ன? வாசல் மணி அடித்தால் இன்னமும் ஓதம் சார் சம்ப்பைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று எழுந்து ஓடுகிறேன். கூரியர்காரன் நிற்கிறான்.

போன வாரம், இந்த வருடத்தின் முதல் பெரிய மழை. மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு கொட்டியது. போன் அடித்தது. அவர்தான்.

"சுதா, அங்க மழை பெய்யுதா?"

"கொட்டுது சார். அங்க?"

"இங்கயும் பெய்யுது. கண்ணாடி வழியா தெரியுது. சத்தம்தான் கேக்கல. உங்க மாடித் தண்ணி ஒழுங்கா இறங்குதா?"

இறங்குகிறது என்று சோபாவிலிருந்தே சொல்லியிருக்கலாம். குடையை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். "போன் நனையும்டி!" என்று கீழேயிருந்து மாமியார் சத்தம் போட்டார். நனையட்டும். தண்ணீர் இறங்குகிற ஓட்டைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, போனை அதன் கிட்டே பிடித்தேன். வாயில் அடைத்திருந்த இலைகளை ஒரு கை நிறைய அள்ளி எறிந்தேன். மாடித் தண்ணீர் மொத்தமும் சோவென்று குழாயில் இறங்கியது.

லைன் போய்விட்டதோ என்று காதில் வைத்துப் பார்த்தேன். மூச்சு விடுவது கேட்டது.

"நல்லா போகுதும்மா" என்றார். "நீ நனையாதே. வச்சிரட்டுமா?"

"வேண்டாம் சார்" என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் இருங்க."